முதலில் நிறுத்த வேண்டியது யூரியா அல்ல

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அப்பாவுக்கு 72 வயது, இன்னும் அவர்தான் பார்க்கிறார். நான் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறேன். ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்திருக்கிறேன். வரும் சம்பாவில் ஐந்து ஏக்கரையும் இயற்கை விவசாயத்துக்கு மாற்றி மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல்லைப் போட ஆசை. ஒரு நாட்டு மாடு இருந்தால் 30 ஏக்கருக்குப் போதும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அப்பாவோ, உரம் இல்லாமல் ஒரு மணி விளையாது, இலங்கையில் என்ன நடந்தது பார்த்தாயா என்கிறார். அவர் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, இரண்டரை மூட்டை யூரியா, அரை மூட்டை பொட்டாஷ் போட்டு, மூன்று தடவை மருந்தடித்து 36 மூட்டை எடுக்கிறார். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். அவர்களுக்கு இந்த அரிசியைப் போடவே மனம் வரவில்லை. சென்னையில் ஒரு கடைக்காரர் கிலோ 90 ரூபாய்க்கு அரிசி எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். யார் சொல்வது சரி? சான்றிதழ் வாங்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்தால் எல்லாவற்றையும் "ரசாயனம்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டதாகத் தெரிகிறது. அந்த ஒரே சொல்லில் யூரியாவையும் போட்டுவிட்டீர்கள், பூச்சி மருந்தையும் போட்டுவிட்டீர்கள். உங்கள் வீட்டுச் சண்டைக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரித்து வைத்துப் பேசினால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அப்பா சொல்வதிலும் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இயற்கை முறையும் மாப்பிள்ளைச் சம்பாவும் இப்போதைக்கு ஒரே ஒரு ஏக்கரில், மீதி நான்கை அப்பா நடத்தட்டும், பூச்சி மருந்தை மட்டும் ஐந்திலும் குறையுங்கள்.

உரத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா போடும் கணக்கைப் பாருங்கள். டிஏபி 50 கிலோ மூட்டையில் 18 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 9 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. அதில் 46 சதவீதம். இரண்டரை மூட்டைக்கு ஏறக்குறைய 52 கிலோ. மொத்தம் ஏக்கருக்கு 61 கிலோ தழைச்சத்து. டெல்டாவுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவும் எக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோதான். உங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கொட்டுகிறவர் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உரக் கடைக்காரர் சொன்னார் என்று நான்கு மூட்டை யூரியா இறைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த 60 கிலோவை மாட்டெருவில் கொடுக்க முடியுமா? நன்றாக மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம், டன்னுக்கு 5 கிலோ. அப்படியென்றால் ஏக்கருக்கு 12 டன் வேண்டும். ஐந்து ஏக்கருக்கு 60 டன். அதிலும் முதல் வருஷத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதி மண்ணில் தங்கி மெதுவாக வரும். ஒரு நாட்டு மாடு நாளைக்கு 10 கிலோ சாணி போட்டால் வருஷத்துக்கு மூன்றரை டன் பச்சைச் சாணி. மக்கி முடிக்கும்போது எடையில் பாதிகூட நிற்காது.

முப்பது ஏக்கருக்கு ஒரு மாடு என்பவர்கள் எருவைச் சொல்வதில்லை, ஜீவாமிர்தத்தைச் சொல்கிறார்கள். சரி, அதையும் எடை போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல். அதில் 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. இவை எல்லாவற்றிலும் இருக்கும் தழைச்சத்தைக் கூட்டினால் கால் கிலோ தேறுவது கஷ்டம். மாதம் இரண்டு தடவை விட்டாலும் ஒரு போகத்துக்கு இரண்டரை கிலோதான். அது உரமில்லை, நுண்ணுயிர்களுக்கு உறை மோர் மாதிரி என்பார்கள். உறை மோர் என்றே வைத்துக்கொள்வோம். பால் இருந்தால்தானே தயிர்? மண்ணில் மக்கு இல்லாத வயலில் உறை ஊற்றி என்ன பயன்? பஞ்சகவ்யத்துக்கும் இதே பதில்தான். 3 சதவீதக் கரைசலாகத் தெளித்தால் பயிர் கொஞ்சம் பச்சை கட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் 60 கிலோ தழைச்சத்தின் இடத்தை அது பிடிக்காது.

இப்போது அப்பாவிடம் வருகிறேன். உரம் இல்லாமல் ஒரு மணி விளையாது என்பது சரியில்லை. தண்ணீர் கட்டிய நெல் வயல் ஒரு விசித்திரமான இடம். நீரிலும் சேற்றிலும் வாழும் நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாக்களும் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கின்றன. ஒரு போகத்துக்கு எக்டேருக்கு 30 கிலோ அளவுக்குக்கூட. புஞ்சைக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. அதனால்தான் நெல்லில் எந்த உரமும் போடாவிட்டாலும் ஒரு அளவுக்குக் கீழே கண்டுமுதல் இறங்காது. உங்கள் தாத்தா காலத்தில் யூரியா ஏது? காவிரி வண்டல், கொளுஞ்சித் தழை, ஆட்டுக்கிடை (இரவில் ஆட்டு மந்தையை வயலில் அடைத்து வைப்பது), இவற்றை வைத்துத்தான் வெள்ளாமை. அந்த வண்டல் இன்று வருவதில்லை, 1934-இல் கட்டிய மேட்டூர் அணை அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் தாத்தா செய்ததை அப்படியே செய்தால் தாத்தா எடுத்தது கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

விளைச்சல் எவ்வளவு குறையும் என்று நேராகக் கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2012-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, உலகம் முழுக்க நடந்த ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்து, இயற்கை முறையில் 5 முதல் 34 சதவீதம் வரை குறைவு என்றது. பயிரையும் மண்ணையும் செய்கிறவரின் கைப்பழக்கத்தையும் பொறுத்து அந்த இடைவெளி மாறும். 2015-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் சராசரி 19 சதவீதம் குறைவு. மாற்றுப் பயிரும் கலப்புப் பயிரும் போடுகிற இடங்களில் இடைவெளி பாதிக்கும் மேலே சுருங்கியது. இவை முறையை முறையோடு ஒப்பிட்டவை. நீங்கள் முறையையும் மாற்றி ரகத்தையும் மாற்றப் போகிறீர்கள். மாப்பிள்ளைச் சம்பாவில் முதல் வருஷம் 36 மூட்டையில் பாதி வந்தால் சந்தோஷப்படுங்கள்.

ஆனால் ஒன்று, ரகத்தை மாற்றுவது முட்டாள்தனம் இல்லை. அதுதான் உங்கள் திட்டத்தில் புத்திசாலித்தனமான பகுதி. ஐ.ஆர்.8 காலத்திலிருந்து வந்த குட்டை ரகங்கள் எல்லாம் நிறைய தழைச்சத்தைத் தின்றும் சாயாமல் நிற்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. பட்டினி போட்டால் அவை உங்களைக் கைவிட்டுவிடும். மாப்பிள்ளைச் சம்பாவோ ஆள் உயரம் போகிற பயிர். அப்பா போடும் யூரியாவை அதற்குப் போட்டால் கார்த்திகை மழையில் படுத்துவிடும். அதற்கு ஏக்கருக்கு 25, 30 கிலோ தழைச்சத்து தாராளம். இந்த அளவை யூரியா இல்லாமல் கொடுக்க முடியும். உங்கள் ஊர்க்காரரான நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்துவிட்டு 2018-இல் போய்ச் சேர்ந்தார். அவர் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த விதை இன்றும் உங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கிறது. கடையில் தேடாதீர்கள், நான்கு ஊர் தள்ளிப் பயிர் செய்கிறவரிடம் போங்கள். அவர் வயலில் கதிர் ஒரே சீராக நிற்கிறதா, கலப்பு இருக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகு வாங்குங்கள்.

அந்த 30 கிலோவை எங்கே எடுப்பது? தக்கைப்பூண்டில், வயலிலேயே வளர்த்து மடக்கி உழுகிற பசுந்தாள் பயிர் அது. இதைவிட மலிவான உரத்தை நான் பார்த்ததில்லை. ஏக்கருக்கு 20 கிலோ விதை. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஆனிக் கடைசியில் தெளித்து, 45 நாளில், பூ எடுக்கிற பருவத்தில், தண்டு நாராகிப் போவதற்குள் மடக்கி உழுது சேற்றில் அமுக்கிவிட வேண்டும். நன்றாக வளர்ந்த வயலில் ஏக்கருக்கு 8 டன் பசுந்தழை வரும், தழைச்சத்து 25 முதல் 30 கிலோ. எல்லாம் ஒரே போகத்தில் கைக்கு வராது. அதனால் கூடவே மூன்று டன் தொழுவுரம், 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். உழுது எட்டு, பத்து நாள் கழித்து நடுங்கள். அவசரப்பட்டு மறுநாளே நட்டால் அழுகுகிற தழையால் நாற்று மஞ்சளடித்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு அப்பா யூரியா மூட்டையைப் பிரித்துவிடுவார்.

கோடையில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டோடு உங்கள் பக்கம் வருவார்கள் இல்லையா, அவர்களிடம் பேசி அந்த ஒரு ஏக்கரில் நான்கு இரவு கிடை போடச் சொல்லுங்கள். சாணி மட்டுமில்லை, ஆட்டு மூத்திரம் மண்ணில் நேராக இறங்குவது கிடையில் மட்டும்தான். (மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதான், தம்பி. ஆலையிலிருந்து வந்தாலும் ஆட்டிலிருந்து வந்தாலும் வேர் அதை ஒன்றாகத்தான் உறிஞ்சுகிறது. ஆலை யூரியாவின் குறை, அது மக்கைக் கொண்டு வருவதில்லை. மலிவாகக் கிடைப்பதால் கை தாராளமாகிவிடுகிறது. மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கொடுத்தால் யார்தான் அளந்து போடுவார்கள்?)

இன்னொன்று, வைக்கோல். அறுவடை முடிந்ததும் மெஷின் வந்து உருளையாகச் சுற்றிக்கொண்டு போகிறதே, அதில் உங்கள் வயலின் சாம்பல் சத்து (பொட்டாஷ்) போகிறது. நெல் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு தங்குவது வைக்கோலில்தான், மணியில் இல்லை. இயற்கை விவசாயம் என்று போர்டு வைத்துவிட்டு வைக்கோலை வருஷா வருஷம் விற்றால் ஐந்தாம் வருஷம் மண் பல்லைக் காட்டும். அந்த ஏக்கரின் வைக்கோலை மாட்டுக்குப் போட்டு எருவாக்கித் திருப்பிக் கொண்டு வாருங்கள், அல்லது வயலிலேயே மக்க விடுங்கள்.

பூச்சி மருந்துக்கு வருவோம். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதில்தான்.

விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் வேலையில் நான் சேர்ந்த புதிதில், நட்ட 15-ஆம் நாள் ஒன்று, 30-ஆம் நாள் ஒன்று, பூக்கும்போது ஒன்று என்று காலண்டர் பார்த்து மருந்தடிக்கச் சொல்லிக் கொடுத்தவன். ஒரு சம்பாவில் ஒரு கிராமமே நான் சொன்னபடி அடித்தது. மார்கழியில் புகையான் (தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி) வந்து வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து போனது. அடிக்காத ஒருவரின் வயல் மட்டும் பச்சையாக நின்றது. அவர் மருந்து வாங்கப் பணமில்லாமல் அடிக்காதவர். அந்த வரப்பில் நின்றுகொண்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நடந்தது இதுதான்: முதல் மருந்து புழுவைக் கொன்றதோ இல்லையோ, புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்றுவிட்டது. கூடுதல் யூரியாவில் பயிர் அடர்ந்து, தூர் பக்கம் நிழலும் ஈரமுமாக இருந்தது. புகையானுக்கு வேறென்ன வேண்டும்?

என் ஒருவன் அனுபவம் என்று தள்ளிவிடாதீர்கள். இந்தோனேசியாவில் இதே கூத்து நாடு முழுக்க நடந்து, 1986-இல் அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் தடை செய்தது. நெல் உற்பத்தி விழவில்லை. அங்கே விவசாயிகளை வயலில் உட்கார வைத்துச் சிலந்தியையும் தட்டானையும் எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். யூரியாவை அந்த ஆணை தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் விளைச்சல் குறையாமல் நிற்கிறது. உரத்தை ஒரே நாளில் நிறுத்தினால் விளைச்சல் விழுகிறது. அந்த இரண்டாவதற்குத்தான் அப்பா சொல்லும் இலங்கை சாட்சி. 2021 ஏப்ரலில் அறிவித்து மே மாதம் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நாடு முழுக்கப் போடத் தேவையான மக்கு உரம் எங்கேயும் இல்லை. நவம்பரில் தடையை விலக்கியும் பயனில்லை. அந்தப் பெரும்போகத்தில் நெல் படுத்துவிட்டது, தேயிலையும் அடிபட்டது, அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது. அப்பா சொல்லும் உதாரணம் சரிதான். ஆனால் அது இயற்கை விவசாயத்துக்கு எதிரான உதாரணம் என்பதைவிட அவசரத்துக்கு எதிரான உதாரணம். சிக்கிம் 2003-இல் தொடங்கி 2016 ஜனவரியில்தான் முழுக்க இயற்கை மாநிலம் என்று அறிவித்தது. அங்கே முன்பும் உரம் அதிகம் போட்டதில்லை, தேவையான அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருகிறது. அதனால் சிக்கிமைக் காட்டி டெல்டாவுக்குப் பாடம் சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை.

ஆகவே என் யோசனை இது. மருந்தை ஐந்து ஏக்கரிலும் வரும் சம்பாவிலேயே குறைத்துவிடுங்கள், கிட்டத்தட்ட நிறுத்தும் அளவுக்கு. நட்டு 40 நாள் வரை இலையைப் புழு தின்கிறதே என்று ஒரு சொட்டுகூட அடிக்க வேண்டாம். அந்த வயதில் போன இலையை நெல் திரும்பப் போட்டுக்கொள்ளும். நாற்றைப் பறித்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு நடுங்கள். தண்டுத் துளைப்பான் முட்டை அந்த நுனியில்தான் இருக்கும். எட்டடிக்கு ஒரு பட்டம் (நடாமல் விடும் இடைவெளி) விட்டு நட்டால் காற்றும் வெளிச்சமும் தூருக்கு இறங்கும். ஏக்கருக்கு இருபது குச்சி நட்டுக் குருவிகளுக்கு உட்கார இடம் கொடுங்கள். வாரம் ஒரு நாள் வயலுக்குள் இறங்கி, தூரைத் தட்டிப் பார்த்துப் புகையானை எண்ணுங்கள். தூருக்கு, அதாவது ஒரு கிளைத் தண்டுக்கு, ஒன்று என்பது எச்சரிக்கைக் கணக்கு. குத்துக்கு (சேர்த்து நட்ட ஒரு நாற்றுக் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் முதலில் தண்ணீரை வடித்துக் காயப்போடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் அப்பாவின் நான்கு ஏக்கரில் அதற்கென்று உள்ள மருந்தை ஒரே ஒரு தடவை, தூரில் படும்படி அடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் இயற்கை ஏக்கரில் வேப்பெண்ணெயோடு நின்றுகொள்ளுங்கள், போவது போகட்டும்.

"அக்னி அஸ்திரம்" என்று புகையிலையையும் பச்சை மிளகாயையும் கோமியத்தில் காய்ச்சுகிறார்களே, அதில் ஒரு எச்சரிக்கை. புகையிலையில் இருக்கும் நிகோடின் கடுமையான விஷம், தோல் வழியாகவும் ஏறும். வீட்டில் காய்ச்சியது என்பதால் வெறுங்கையால் கலக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு இந்த அரிசியைப் போட மனம் வரவில்லை என்றீர்கள். போடலாம். உமியும் தவிடும் நீங்கிய அரிசியில் மருந்தின் மிச்சம் குறைவு. கழுவி வடித்தால் இன்னும் குறையும். காத்திருப்புக் காலத்தை (கடைசி மருந்துக்கும் அறுவடைக்கும் நடுவே விட வேண்டிய நாட்களை) மதித்து, கதிர் முற்றியபின் அடிக்காமல் இருந்தால் போதும். (தவிட்டோடு சாப்பிடுவதாக இருந்தால் மருந்தடிக்காத நெல்லாக இருக்க வேண்டும் என்பது இதன் மறுபக்கம்.) சத்து விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை. 2012-இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, இயற்கை உணவில் மருந்து மிச்சம் குறைவு, ஆனால் சத்து கூடுதல் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றார்கள். 2014-இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து இதழில் வந்த தொகுப்பு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருட்கள் கூடுதல், காட்மியம் குறைவு என்றது. மருந்து மிச்சம் குறைவு என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. குழந்தைகளை நினைத்துக் கவலைப்பட்டால் அரிசியைவிடக் காய்கறியைப் பாருங்கள். கத்தரி, வெண்டை, காலிபிளவர், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் பறிக்கிற முந்தின நாள்வரை மருந்து வாங்குகிறவை. கொல்லையில் நான்கு பாத்தி போட்டால் அந்தக் கவலையில் பாதி போய்விடும்.

நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்தால் முதலில் பாதிக்கப்படுவது சாப்பிடுகிறவர் இல்லை, தெளிப்பானை முதுகில் சுமக்கிறவர். 72 வயதில் உங்கள் அப்பா தானே அடிக்கிறாரா? சட்டை போட்டுக்கொள்கிறாரா, காற்றுக்கு எதிரே நடக்கிறாரா, குச்சியால் கலக்குகிறாரா, கையாலா? டப்பாவில் கடும் விஷம் என்று காட்டும் சிவப்பு முக்கோணம், மஞ்சள் முக்கோணம் போட்ட மருந்துகள் வீட்டில் மிச்சம் இருந்தால் இன்றைக்கே குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். அரிசியை எண்ணிப் பயந்த அளவுக்கு இதை எண்ணிப் பயந்ததாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். அப்பாவின் 36 மூட்டை, 60 கிலோ வீதம், 21.6 குவிண்டால். கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 54,000 ரூபாய். உங்கள் மாப்பிள்ளைச் சம்பா 18 மூட்டை வந்தால் 10.8 குவிண்டால். அதையே கொள்முதல் நிலையத்தில் போட்டால் 27,000தான். இயற்கையாக விளைந்தது என்று அங்கே ஒரு ரூபாய் கூட்டித் தரமாட்டார்கள். அரிசியாக்கினால் 650 கிலோ தேறும். 90 ரூபாய்க்கு 58,500. ஆனால் அரவைக் கூலி, சாக்கு, வண்டி, சென்னைக்கு அனுப்பும் செலவு எல்லாம் உங்களுடையது. நஷ்டமும் இல்லை, பெரிய லாபமும் இல்லை. அதுவும் அந்தக் கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால். ஐந்து ஏக்கருக்கு மூன்றேகால் டன் அரிசி வரும், அவ்வளவையும் எடுப்பாரா? முன்பணம் தருவாரா? எந்த மாதம் எடுப்பார்? தவிடு நீக்காத அரிசி ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் வைக்கும். நெல்லாகவே வைத்துக்கொண்டு மாதா மாதம் அரைக்க வேண்டும். அதற்கு எலி புகாத இடம் வேண்டும். ஒரு ஏக்கர் அரிசி என்றால் கடைக்காரரே வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் மாதம் ஐந்து கிலோ வாங்கும் பத்துப் பதினைந்து குடும்பம் இருந்தால் ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும்.

சான்றிதழ் அதனால் இப்போது அவசரமில்லை. தெரிந்தவர்களுக்கு நேரடியாக விற்கிற சிறு விவசாயிக்கு அது கட்டாயமும் இல்லை. கடைக்கு, வெளியூர் வியாபாரத்துக்கு என்று போகும்போது வேண்டும். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் (இயற்கை விவசாயச்) சான்றளிப்புத் துறையில் பதியலாம். நெல் மாதிரிப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருஷ மாறுதல் காலம் உண்டு. இல்லையென்றால் பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பாளர் உத்தரவாதத் திட்டம். அதில் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று சொல்வது. குறைந்தது ஐந்து பேர் வேண்டும். உங்கள் ஊரில் ஐந்து பேர் சேர்ந்தால் அதையே எடுங்கள். எதுவானாலும், என்றைக்கு என்ன போட்டீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் இப்போதே எழுத ஆரம்பித்துவிடுங்கள்.

எந்த ஏக்கர் என்பதுதான் முக்கியமான கேள்வி. உங்கள் பக்கம் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்வது. மேல் வயல்காரர் யூரியா போட்டுவிட்டு மடையைத் திறந்தால் அது உங்கள் வயலுக்குத்தான் வரும். வாய்க்காலிலிருந்து நேர் மடை உள்ள மூன்று மாவை, அதாவது ஒரு ஏக்கரை, தேர்ந்தெடுங்கள். வரப்பை அகலமாக்கி அதில் அகத்தியோ துவரையோ போடுங்கள். பக்கத்து வயலிலிருந்து மருந்து சாரல் வருவதைக் கொஞ்சம் தடுக்கும். மீதி நான்கு ஏக்கரில் அப்பா நடத்தட்டும். அங்கேயும் தக்கைப்பூண்டு போட்டு, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து மேலுரம் போட்டால் யூரியா முக்கால் மூட்டையாவது குறையும். அந்த அட்டைக்கு விலை அதிகமில்லை, வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். மூன்று சம்பா இப்படிப் போகட்டும். இரண்டு பக்கத்துக் கண்டுமுதலும் செலவும் ஒரே நோட்டில் இருக்கட்டும். அதற்குப் பிறகு இரண்டாவது ஏக்கரா, இதுவே போதுமா என்று நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து பேசலாம்.

இதற்காக வேலையை விட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷ விடுப்பு போதும். முதல் களை எடுப்புக்கு ஆள் கிடைக்காமல் புரட்டாசியில் நீங்களே கோனோவீடர் என்ற களைக் கருவியைத் தள்ள வேண்டி வரும், அந்த மாதம் எங்கேயும் போகாமல் ஊரில் இருங்கள்.

அறுவடை முடிந்து வயல் இப்போது சும்மா கிடக்கும். மண் மாதிரி எடுக்க இதைவிட நல்ல சமயம் இல்லை. அந்த மூன்று மாவில் பத்து இடத்தில் மேல் குப்பையைத் தள்ளிவிட்டு, ஆங்கில வி எழுத்து மாதிரி அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கத்தில் ஓரங்குலம் மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரை கிலோவாக்கி, நிழலில் உலர்த்தி, மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். வரப்போரம், எருக்குழிப் பக்கம், மர நிழல் இங்கெல்லாம் எடுக்க வேண்டாம். உப்பின் நிலை, கார அமில நிலை, கரிமச் சத்து, துத்தநாகம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மண் பரிசோதனை அட்டை கைக்கு வந்ததும் அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். கடைமடை மண்ணில் உவர் இருந்தால் எருவின் அளவை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.